திருவனந்தபுரத்தில் ஒரு நாள்: ஏழு இடங்கள் பார்ப்பதா, ஒரு சுவடியின் முன் நிற்பதா?

விளவங்கோட்டு வாசகன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். குமரி மாவட்டத்து எங்கள் ஊர் வாசகசாலையின் இளைஞர் குழுவைச் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையன்று திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று வந்தோம். 15 வயது முதல் 22 வயது வரையுள்ள பிள்ளைகள் 26 பேரும் பொறுப்பாளர்கள் நால்வருமாக மொத்தம் 30 பேர். அந்த ஒரு நாளில் நாங்கள் செய்தது சரியா, தவறா என்ற வாக்குவாதம் குழுவுக்குள் இன்னும் ஓயவில்லை. எல்லைப் பகுதியில் வாழும் உங்களிடம் நடந்ததைச் சொல்லிக் கருத்துக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் திருவனந்தபுரம் என்றால் பெரிய மருத்துவமனை, விமான நிலையம், கல்யாணப் பாத்திரம் வாங்கும் சாலைக் கடைத்தெரு ஆகிய மூன்றுதான். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும் வரை, திருவிதாங்கூர் மண்ணாக இருந்த நமக்கும் அதுவே தலைநகரம் என்ற செய்தி பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போய்விடுகிறது. என் பாட்டனார் கடைசி வரை "தலைநகருக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் களியக்காவிளையில் பேருந்து ஏறுவார்; அவரை யாரும் திருத்தியதில்லை. கையில் மருந்துச் சீட்டு இல்லாமல் ஒரு முறையாவது பிள்ளைகள் அந்த நகரத்தைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

காலையில் குழித்துறையில் ரயில் ஏறித் தம்பானூரில் இறங்கினோம். பல்கலைக்கழகக் கல்லூரி, செனட் மண்டபம், பாளையம், நேப்பியர் அருங்காட்சியகம், சித்ரா ஓவியக்கூடம், மிருகக்காட்சிசாலை, கோட்டைப் பகுதியிலுள்ள ஓலைச்சுவடி அருங்காட்சியகம் என்று ஏழு இடங்கள் திட்டத்தில் இருந்தன. ஏழையும் முடித்துவிட்டுச் சங்குமுகம் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்ப்பது என்றும் கீழே எழுதியிருந்தேன். இப்போது அந்தத் தாளைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

கல்லூரியையும் செனட் மண்டபத்தையும் சாலையில் நின்றபடியே இருபது நிமிடத்தில் பார்த்து முடித்தோம். பாளையத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் பிள்ளையார் கோயிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் சந்திப்பில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். பத்து மணிக்கு அருங்காட்சியக வளாகத்துக்குள் நுழைந்தபோதுதான் கால்கள் மெதுவாயின. திருவிதாங்கூரில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த ஜெனரல் கல்லன் சேர்த்து வைத்திருந்த கனிமக் கற்களை அடிப்படையாகக் கொண்டு 1855இல் ஒரு சங்கமாகத் தொடங்கி, 1857இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட காட்சியகம் அது. பழைய கட்டடத்தை 1874இல் இடித்துவிட்டு, இப்போதுள்ள கட்டடத்தை 1880இல் முடித்தார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயரை அதற்கு வைத்தார்கள். வடிவமைத்தவர் ராபர்ட் சிசம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டியவரும் அவரே. உள்ளே வெண்கலத் திருமேனிகள், யானைத்தந்தச் சிற்பங்கள், ஒரு கோயில் தேர் ஆகியவற்றைப் பார்த்தோம். மரத்தடியில் உட்கார்ந்து பொதிச்சோறு சாப்பிட்ட பிறகு, மிருகக்காட்சிசாலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி எல்லோரையும் கிழக்கேகோட்டைப் பேருந்தில் ஏற்றினேன். தவறு அங்கேதான் தொடங்கியது என்று ஒரு பாதியும், பயணமே அங்கேதான் தொடங்கியது என்று மறு பாதியும் சொல்கிறார்கள்.

ஓலைச்சுவடி அருங்காட்சியகம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. பழைய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் எட்டுக் கூடங்களாக அமைந்திருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய பதிவுகளான மதிலகம் ஆவணங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுருணை என்ற பெயரில் கட்டுக் கட்டாகச் சுருட்டி வைத்த ஓலைகள், முப்பது லட்சத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். அவற்றுக்கென்றே அங்கே ஒரு கூடம் உண்டு. நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுகொண்டு, "அண்ணா, இது தமிழ்தானே? எனக்கு ஏன் வாசிக்க வரவில்லை?" என்று கேட்டாள். இல்லை, பழைய மலையாளம் என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் போய்விட்டது. மிருகக்காட்சிசாலையும் இல்லை, கடற்கரையும் இல்லை. திரும்பும் ரயிலில் பையன்கள் என்னோடு பேசவில்லை.

என் கேள்வி இதுதான். அடுத்த முறை போகும்போது இடங்களைக் குறைப்பதா, நேரத்தைக் கறாராகப் பிடிப்பதா? என் மனம் முதலாவதன் பக்கமே சாய்கிறது.

சாலைத்தெரு வணிகன் எழுதியது:

வாசகனுக்கு வணக்கம். மூன்று தலைமுறையாகச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நீங்கள் எங்கள் தெருவைக் கல்யாணப் பாத்திரம் வாங்கும் இடமாகவே விட்டுவிட்டது சற்று வருத்தம்தான். இந்தக் கடைத்தெருவை ஏற்படுத்திய திவான் ராஜா கேசவதாசர் உங்கள் தெற்குத் திருவிதாங்கூர் மண்ணில் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், பாத்திரக் கடையும் பாடமாகியிருக்கும்.

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நல்லது. நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் முழு விடுமுறை; புதன்கிழமை பிற்பகலில்தான் திறப்பார்கள். மிருகக்காட்சிசாலையும் திங்களன்று இல்லை. இதைப் பார்க்காமல் திங்கட்கிழமை வந்து, பூட்டிய கதவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குழுக்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கோட்டைக்குள் வந்துவிட்டு மேத்தன் மணியைப் பார்க்காமல் போனீர்களா? கோயில் குளத்தை ஒட்டிய பழைய மாளிகையின் நெற்றியில் இருக்கும் கடிகாரம் அது. மணி அடிக்கும்போது தாடிக்காரர் முகம் வாயைத் திறக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்டுக்கிடாக்கள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். மிருகம் பார்க்கவில்லை என்று கோபித்த பையன்களுக்கு இரண்டு கிடாக்களையாவது காட்டியிருக்கலாம். அதற்கு மூன்று நிமிடம் போதும், கட்டணமும் கிடையாது.

இன்னொன்று. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், குமாரகோயில் முருகனும் ஆண்டுதோறும் உங்கள் குழித்துறை வழியாகத்தான் இங்கே எழுந்தருளுகிறார்கள். அந்தச் சரஸ்வதியைக் கம்பர் வழிபட்டதாகவும், பின்னர் சேர மன்னர் கையில் ஒப்படைத்ததாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ரயிலில் ஒரு மணி நேரத்தில் நீங்கள் வந்த தூரத்துக்கு அம்மன் நாள்கணக்கில் எடுத்துக்கொள்கிறாள். அவசரப்படாமல் வரும் வழியை அவளிடம் கேட்கலாம்.

கட்டை விரல் எழுதியது:

அந்த ரயிலில் பேசாமல் வந்த பையன்களில் நானும் ஒருவன். அண்ணன் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விடுபட்டவை உண்டு, அவற்றைச் சொல்ல அனுமதி வேண்டும்.

முதலாவது, எங்களுக்குக் கோபம் சுவடியின் மேல் அல்ல. "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன சொல்லின் மேல்தான். நேப்பியர் அருங்காட்சியகமும் மிருகக்காட்சிசாலையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வாசலில் நின்றவர்களைப் பேருந்தில் ஏற்றி ஊரின் மறு கோடிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வரலாம் என்று கணக்குப் போட்டவர் யார்? இரண்டாவது, கண்ணாடிப் பெட்டியின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தவர்கள் ஏழு பேர். மற்ற நாங்கள் எட்டுக் கூடங்களையும் இரண்டு முறை சுற்றி முடித்துவிட்டு வாசலில் நின்றோம். ஒருவருடைய ஆர்வத்துக்காக இன்னொருவர் காத்திருக்கலாம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்த நாள் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். நான் கட்டடக்கலை படிக்க விரும்புகிறவன். நேப்பியர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் வெளியில் இருந்த வெக்கை குறைந்ததை உணர்ந்தேன். குளிர்சாதனம் எங்கே என்று தேடினால் காணவில்லை. கூரை உயரமாக எழுந்து, கேரளத்து முகப்புகளோடு அடுக்கடுக்காக இறங்குகிறது. சூடேறிய காற்று மேலே ஏறி வெளியேற வழி இருப்பதால், கீழே நிற்பவருக்குப் புழுக்கம் தெரிவதில்லை. வெளிச்சுவரில் பல வண்ணப் பட்டைகள் ஓடுகின்றன. சேப்பாக்கத்தில் இதே மனிதர் இஸ்லாமியக் கவிமாடங்களை வைத்தார். இங்கே வந்தபோது நம் ஊர்த் தறவாட்டு (பழைய குடும்ப வீட்டு) கூரையைத் தலையில் ஏற்றினார். ஒருவேளை பத்மநாபபுரம் அரண்மனையின் கூரையையும் அவர் பார்த்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. இது என் ஊகம்தான்.

சித்ரா ஓவியக்கூடத்தை அண்ணன் ஒரு சொல்லில் தாண்டிவிட்டார். 1935இல் திறந்த கூடம் அது. ரவிவர்மாவின் படங்களுக்கென்று அதன் பக்கத்திலேயே 2023இல் தனிக்கூடமும் திறந்தார்கள். ரவிவர்மாவின் தமயந்தி அன்னத்தோடு நிற்கும் படத்தின் முன் நான் நின்ற நேரத்தை யாரும் கணக்கிடவில்லை. சேலையின் சரிகைக்கு அவர் பயன்படுத்தியது மஞ்சள் நிறமே தவிரப் பொன் அல்ல. தஞ்சாவூர்ப் படங்களில் பொன் தகட்டையே ஒட்டுவார்கள். வண்ணத்தைக் கொண்டே பொன்னாகக் காட்டும் வித்தையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் பிடிபடுகிறது. இளம் ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனையில் நீர்வண்ணம் பழகியது மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கரிடம் என்று பின்னர் படித்தேன். அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் இன்னும் சற்று நேரம் நின்றிருப்பேன்.

அருவிக்கரைத் தோழி எழுதியது:

நான் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவள். ஒரு பல்கலைக்கழக நகரத்துக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தைச் சாலையில் நின்று இருபது நிமிடத்தில் முடித்தோம் என்ற வாக்கியத்தில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. மிருகமா, ஓலையா என்று நீங்கள் இருவரும் சண்டையிடுகிறீர்கள். இரண்டு பேருமே தாண்டி வந்த மதிலைப் பற்றி எழுதுகிறேன்.

1834இல் சுவாதித் திருநாள் காலத்தில் ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கி, 1866இல் மகாராஜா கல்லூரியாக உயர்ந்து, பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரி என்று பெயர் மாறிய இடம் அது. அங்கே தத்துவம் கற்பித்தவர் ஆலப்புழையில் பிறந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. அவர் எழுதிய மனோன்மணீயம் நாடகம் 1891இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் உள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்த பகுதியைத்தான் உங்கள் குழுவிலுள்ள 26 பேரும் மழலை வகுப்பு முதல் காலைதோறும் பாடி வளர்ந்தார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக 2021இல் அறிவிக்கப்பட்டதும் அதுவே. எழுதியவர் வேலை பார்த்த கல்லூரியின் வாசலில் நின்றவர்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை என்றால், ஏழு இடங்கள் என்ற கணக்கில் எது குறைந்தது என்று நீங்களே பாருங்கள். அந்த வாசலில் ஒரு முறை பாட வைத்திருந்தால் மூன்று நிமிடம்கூட ஆகாது. (வணிகர் அண்ணனின் மூன்று நிமிடத்தை நானும் கடன் வாங்குகிறேன்.)

நாடக ஆசிரியராகவே நாம் நினைவில் வைத்திருக்கும் சுந்தரம் பிள்ளை கல்வெட்டு தேடி ஊர் ஊராக நடந்தவரும்கூட. திருவிதாங்கூருக்கு முன்னோடியான வேணாட்டின் அரசர்களுடைய காலத்தை அவர் கல்வெட்டுகளைக் கொண்டே வரிசைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணலிக்கரையில் கிடைத்தது; கொல்லம் ஆண்டு 410, அதாவது கி.பி. 1235ஐ ஒட்டியது, நிலவரி பற்றியது. அதே மணலிக்கரையில் ஒரு மடத்திலிருந்துதான் 1909இல் கணபதி சாஸ்திரி என்ற அறிஞர், மலையாள எழுத்தில் எழுதிய ஓலைக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். பெயர் மட்டுமே கேள்விப்பட்டிருந்த பழங்கால நாடக ஆசிரியர் பாசனின் சமஸ்கிருத நாடகங்கள் அதில் இருந்தன. 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அவை அச்சேறின. அவை உண்மையில் பாசனுடையவைதாமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். அது வேறு கதை. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர், ஒரு கல்லாலும் ஓர் ஓலையாலும் இரண்டு முறை உலகத்துக்குத் தெரிய வந்தது. அந்த ஊர்ப் பேருந்தில் தினமும் போகிறவர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள்.

1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் சர் சி.பி. ராமசாமி ஐயர், 1957இல் அது கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அழகப்பச் செட்டியார் அளித்த ஒரு லட்சம் ரூபாய் அறக்கொடையால் அதில் தமிழ்த்துறை உண்டாயிற்று. தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை 1950களில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் அந்தப் பல்கலைக்கழகத்தில் மொழியியலை வளர்த்துவிட்டு, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போனார். காரியவட்டம் வளாகத்திலுள்ள கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அது நகரத்துக்கு வெளியே இருப்பதால் ஒரே நாளில் சேர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேர்க்கவும் வேண்டாம். தெரிந்துகொண்டு போனால் போதும்.

ஓலைப்பித்தன் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். கல்வெட்டும் சுவடியும் என் பைத்தியம். அந்தப் பெண்ணின் கேள்விக்கு வாசகன் சொன்ன விடை பாதிதான் சரி என்பதால் எழுதுகிறேன். இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பெரிய படிப்பு படித்தவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

எழுத்து வேறு, மொழி வேறு. அந்த ஓலைகளில் வட்டெழுத்து, அதிலிருந்து கிளைத்த கோலெழுத்து, மலையாண்மை, பழைய தமிழ் எழுத்து ஆகியவை இருக்கின்றன. வட்டெழுத்து ஒரு காலத்தில் பாண்டிய நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் பொதுவான எழுத்து. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சிக்குப் பின் இன்றைய தமிழ் எழுத்தின் முன்வடிவம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மலைக்கு மேற்கே அது நீடித்தது. தெற்குத் திருவிதாங்கூரில் மலையாண்மை என்ற வடிவத்தில் 19ஆம் நூற்றாண்டு வரைகூடப் புழங்கியது. இன்றைய மலையாள எழுத்து, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தின் வழியாக வந்தது. ஆகவே அந்த ஓலையை இன்று மலையாளம் படித்தவரும் வாசிக்க முடியாது, தமிழ் படித்தவரும் வாசிக்க முடியாது. ஆனால் ஒருவர் வாய்விட்டு வாசித்துக் காட்டினால், உங்கள் ஊர்க் கிழவிக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அந்தப் பெண் நம்ப மறுத்தாளே, அவள் காது சரியாகத்தான் இருக்கிறது.

ஏன் வாசிக்க வரவில்லை என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். ஆகவே மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர, ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் எழுத்தில் தெரியாது; அதைத் தெளிவாகப் பிரித்து எழுதும் முறையை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர். துணைக்காலும் ரகரமும் ஒரே கோடாக இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. கொல், கோல், கோல என்று மூன்றாகப் படிக்கக்கூடிய ஒன்றை முன்பின் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். போதாக்குறைக்குப் பிற்கால வட்டெழுத்தில் ப, வ, ய, ந ஆகியவை ஒன்றையொன்று ஒத்துப்போய்விட்டன. ஒரு கையெழுத்தோடு பழகிய பிறகே அடுத்த கையெழுத்துக்குப் போக முடியும். ஏழு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்றால், சுவடி படிப்பவனுக்கு அது மிகக் குறைந்த நேரம். அதற்காக வாசலில் நின்ற பத்தொன்பது பேரின் கால்வலியை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த பயணத்துக்கு முன் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். 1956க்கு முந்தைய நிலப் பிரமாணங்கள் (பத்திரங்கள்) பல வீடுகளில் மலையாளத்தில்தான் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆண்டோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணியில் ஆண்டு பிறப்பதால்தான் இந்த ஒன்று வேறுபாடு. இன்னும் பழைய கணக்குகள் கிடைத்தால் மா, காணி, அரைக்காணி, முந்திரி என்ற பின்னங்கள் வரும்: மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, அரைக்காணி 160இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. தன் பாட்டன் நிலத்தின் அளவைத் தானே கணக்கிட்டுப் பார்த்த பிள்ளை, அருங்காட்சியகத்துக்குள் சுற்றுலாப் பயணியாக நுழையாது.

மேற்புறத்து ஆசிரியை எழுதியது:

எல்லோரும் அறிவைப் பற்றி எழுதிவிட்டீர்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துச் செல்பவள் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். 26 பேருக்கு நால்வர் போதும். ஆனால் நால்வரில் பெண்கள் எத்தனை பேர் என்பதை வாசகன் எழுதவில்லை. திரும்பும் ரயிலின் நேரத்தைப் பெற்றோருக்கு முன்பே தெரிவித்தீர்களா? கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லக்கூடாது. அவர்கள் தண்ணீர் குடிக்காமலேயே நாளைக் கழித்துவிடுவார்கள், நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். மற்றபடி, குழுவை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து. மிருகக்காட்சிசாலையைக் கேலி செய்ய வேண்டாம். அதுவும் அந்த அருங்காட்சியகத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான்.

விளவங்கோட்டு வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அவர்களுக்கு: பொறுப்பாளர்களில் இருவர் பெண்கள், ரயில் நேரத்தைத் தெரிவித்திருந்தோம், கழிப்பறை விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுதும் உண்மை, நான் யோசிக்கவே இல்லை.

கட்டை விரல் தம்பிக்கு: பேருந்தில் ஏற்றிய கணக்கு என்னுடையதுதான். மன்னிப்புக் கேட்கிறேன், ரயிலிலேயே கேட்டிருக்க வேண்டும். நீ ஓவியக்கூடத்தில் நின்றதை நான் பார்த்தேன். "சீக்கிரம் வா" என்று உன்னைக் கூப்பிட்டதும் நான்தான். அதை எண்ணும்போது, சுவடிக்கு முன் உட்கார்ந்தவர்களைக் கூப்பிடாமல் விட்டது நியாயமாகத் தெரியவில்லை. எனக்குப் பிடித்த இடத்தில் கடிகாரத்தை மறந்துவிட்டு, உனக்குப் பிடித்த இடத்தில் கடிகாரத்தைக் கையில் எடுத்திருக்கிறேன்.

கல்லூரி வாசலைப் பற்றித் தோழி எழுதியதைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், "அப்படியென்றால் நம் பாட்டு அங்கிருந்து வந்ததா?" என்று கேட்டான். மணலிக்கரையிலிருந்து வரும் ஒரு தம்பி அன்று மாலையே ஊருக்குப் போய் மடம் எங்கே இருந்தது என்று பெரியவர்களிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டான்.

ஆகவே அடுத்த பயணத்தை இப்படி யோசிக்கிறோம். காலையில் கல்லூரி வாசல், அங்கே பாட்டு. பிறகு அருங்காட்சியக வளாகம். பத்து மணி முதல் ஒரு மணி வரை அவரவர் விருப்பம், கட்டடமோ ஓவியமோ புலியோ. ஒரு மணிக்குப் பொதிச்சோறு. பிற்பகலில் சுவடி விரும்புகிறவர்கள் ஓலைப்பித்தன் ஐயா வர இசைந்தால் அவரோடு கோட்டைக்குப் போகட்டும். மற்றவர்கள் வளாகத்திலேயே இருந்துவிட்டு ஐந்து மணிக்கு மேத்தன் மணிக்குக் கீழே வந்து சேரட்டும். கடற்கரை கிடையாது. நமக்குத் தேங்காப்பட்டணம் இருக்கிறது.

பனங்காட்டுப் பேத்தி எழுதியது:

குறிப்பேட்டில் வரைந்தவள் நான்தான். அண்ணன் சொல்லித்தான் இந்த இழை எனக்குத் தெரியும். ஓலைப்பித்தன் ஐயாவிடம் ஒரு கேள்வி. நான் வரைந்ததில் 31 எழுத்து வடிவங்கள் இருக்கின்றன. ஐயா எழுதியதைப் படித்த பிறகு மறுபடியும் பார்த்தேன். நான் தனித்தனி எழுத்து என்று நினைத்த நான்கு வடிவங்கள் ஒரே எழுத்தாக இருக்கலாமா, அல்லது ஒரே எழுத்து என்று நினைத்தவை ப, வ, ய, ந என்று நான்காக இருக்கலாமா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தாத்தா பனையேறி. முழங்கால் போன பிறகு ஏறுவதில்லை. சுவடியைப் பற்றி அவரிடம் சொன்னேன். எழுத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை; "என்ன ஓலை? குருத்தா, முற்றினதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெட்டியின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஓலையை நான் பார்க்கவே இல்லை, எழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஓலைப்பித்தன் எழுதியது:

தங்கச்சி, உன் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மிகவும் இளங்குருத்தும் ஆகாது, முற்றிய ஓலையும் ஆகாது. இடைப்பட்ட பருவம் வேண்டும். பனையோலை, தாளிப்பனை ஓலை என்று இரண்டு வகை. தாளிப்பனையை மலையாளத்தில் குடப்பனை என்பார்கள், அதன் ஓலை அகலமாகவும் மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். பனையோலை தடிப்பு. நரம்பை நீக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்ப்பார்கள். எழுதி முடித்ததும் கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நிற்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் புல்தைலம் பூசுவார்கள். அந்தக் கூடங்களில் உனக்கு வாசனை தெரிந்ததா?

உன் 31 வடிவங்களைப் பற்றி: இரண்டு சந்தேகமும் நியாயமானவையே. ஒவ்வொரு வடிவத்துக்கும் முன்னும் பின்னும் வரும் எழுத்தையும் சேர்த்து வரைந்திருந்தால் தீர்த்துவிடலாம். தனி எழுத்தாக வரைந்திருந்தால் முடியாது. அடுத்த முறை ஒரே ஒரு வரியை எடு. முழு வரியையும் இடைவிடாமல் வரை. நான் வருகிறேன், வாசகனிடம் சொல்லிவிடு.

பனங்காட்டுப் பேத்தி எழுதியது:

தனி எழுத்தாகத்தான் வரைந்திருக்கிறேன், ஐயா. வாசனை இருந்தது, மருந்து அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாத்தா பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றி ஆறு ஓலை வெட்டி இறக்கச் செய்தார். நேற்று அக்கானி (பதநீர்) காய்ச்சும் பானையில் வேகவைத்தோம், அம்மா திட்டினாள். இப்போது திண்ணையில் நிழலில் கிடக்கிறது. இரண்டு ஓலை முறுக்கிக்கொண்டு விட்டது, நான்கு நேராக இருக்கிறது. எழுத்தாணி இல்லை, தாத்தா பாளை சீவும் அரிவாளைத் தர மாட்டேன் என்கிறார்.

கட்டை விரல் எழுதியது:

என்னிடம் படம் வரையும் இரும்பு முனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். ஒரு ஓலை எனக்கு வேண்டும்.

விளவங்கோட்டு வாசகன் எழுதியது:

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாசகசாலைத் திண்ணை. வருகிறவர்கள் வீட்டுப் பிரமாணத்தின் நகலை எடுத்து வாருங்கள்; மூலத்தைக் கொண்டுவர வேண்டாம். மரச்சீனியும் சாயாவும் என் பொறுப்பு.